பட்டறைக்குள் மூக்கை நுழைப்போம்

அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இன்று ஒரு நாள் மட்டும் அதை மறந்துவிடுங்கள். குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஒரு மீனவ ஊர். என் அம்மா பிறந்த ஊர். அங்கே மணலை ஒட்டி ஒரு பழைய படகுப் பட்டறை இருக்கிறது. அதற்குள்தான் இன்று மூக்கை நுழைக்கப்போகிறோம்.

பட்டறை என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். எட்டுத் தூண்கள். கூரையில் பாதி ஓடு, பாதி தகரம். கடலைப் பார்த்த பக்கத்தில் சுவரே கிடையாது. இருந்தால் வள்ளத்தை எப்படி உள்ளே இழுத்து வருவது? ஒரு மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

நடுத்தூணைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மேலாக வெள்ளைத் திட்டுகள், தேன் சொட்டியது போல உறைந்த மஞ்சள் துளிகள். ஒரு துளியை நகத்தால் சுரண்டினேன். நகம்தான் மழுங்கியது. ஏற்கெனவே ஒரு துளி உதிர்ந்த இடத்தில் பச்சை பெயிண்ட் தெரிந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் கன்னங்கறுப்பாக ஓர் எண்ணெய்க் கறை. வேலை செய்தவர்கள் கையைத் துடைத்துத் துடைத்தே அந்தத் தூணை இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

“அடியில இருக்கே கறுப்பு, அது எங்க அப்பா கை. மேல வெள்ளை என் கை” என்றார் பட்டறைக்காரப் பாட்டா. (எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம்.) அந்தக் கறுப்பிலிருந்தே தொடங்குவோம்.

அந்தக் காலத்தில் பட்டறைக்குள் வந்தால் முதலில் மரத்தூள் வாசனை அடிக்கும், அதன் பின்னாலேயே மீன் எண்ணெயின் கவிச்சி வரும். கட்டுமரத்துக்கு மரம் செதுக்குவதுதான் அப்போது முக்கிய வேலை. நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். ஆங்கிலம் உட்பட எத்தனையோ மொழிகள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கிவிட்டன. ஆனால் எந்த மரத்தையும் கட்டிவிட முடியாது. தேக்கு உறுதிதான், ஆனால் கனம். மலைவேம்பு, அல்பீசியா போன்ற இலேசான மரங்கள்தான் வேண்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1.025 கிலோ. அதே ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் இலேசான மரத்தின் எடை 0.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 10 கிலோ எடையுள்ள மரத்துண்டு 25 லிட்டர் இடத்தை அடைக்கும். அதை முழுதாகத் தண்ணீருக்குள் அமுக்கினால் 25 லிட்டர் கடல்நீரைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட நீரின் எடை 25.6 கிலோ. மரத்தின் எடை 10 கிலோ போக, இன்னும் 15.6 கிலோவைச் சுமக்க அந்தத் துண்டுக்குத் தெம்பு இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான் இது. கட்டுமரம் கவிழும், ஆனால் மூழ்காது. மீனவர் நீந்திப் போய் அதை நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம். உள்ளே தண்ணீர் புகுந்துவிடுமே என்ற பயமும் இல்லை. புகுவதற்கு ‘உள்ளே’ என்று ஓர் இடம் இருந்தால்தானே!

ஒரே தொல்லை, மரம் தண்ணீர் குடிக்கும். குடித்த மரம் கனக்கும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயப்போடுவார்கள். தினமும் அவிழ்ப்பதும் தினமும் கட்டுவதும் வெட்டி வேலை என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றும். அதனால் கிடைத்த இன்னொரு லாபம் பிறகுதான் புரிந்தது. கட்டுமரத்தைக் கப்பல் புழு அவ்வளவாக அண்டுவதில்லை.

கப்பல் புழுவைத் தெரியுமா? பெயரில்தான் புழு. உண்மையில் அது மட்டி, சிப்பி குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்பு நூடுல்ஸ் போல நீளம். தலைப்பக்கம் மட்டும் இரண்டு குட்டி ஓடுகள். அவற்றை அரம் போல வைத்து மரத்தை அராவிக்கொண்டே உள்ளே போகும். அராவிய தூளைத் தின்னும். மரத்தை எப்படிச் செரிக்கிறது? அதன் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்கான நொதிகளைச் செய்து கொடுக்கின்றன. இதில் மோசம் என்னவென்றால், குஞ்சாக இருக்கும்போதே ஊசிமுனைத் துளை போட்டு உள்ளே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை பளிச்சென்று இருக்கும். தட்டினால் சல்லடை!

தண்ணீரிலேயே கிடக்கும் மரத்தைத்தான் அது விரும்பும். தினமும் வெயிலில் காயும் கட்டுமரத்தில் அதன் பாச்சா பலிக்காது. பலகை வள்ளங்களுக்குத்தான் ஆபத்து. அவற்றுக்கு மீன் எண்ணெயும், முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் கருப்பு எண்ணெயும் பூசினார்கள். முந்திரி எண்ணெய் பட்டால் நம் தோலே வெந்து கொப்பளித்துவிடும். கப்பல் புழு மட்டும் என்ன செய்யும், பாவம்! நடுத்தூணின் அடியில் இருக்கும் கறுப்பு அந்த எண்ணெய்தான்.

ஆனால் இந்தக் கப்பல் புழுவிடம் பாடம் படித்த பொறியாளர் ஒருவரும் உண்டு. கப்பல் புழு துளை போடும்போதே பின்னால் சுண்ணாம்பு பூசிச் சுவர் எழுப்பிக்கொண்டு போகும், அதனால் துளை இடிந்து விழாது. இதைக் கவனித்த மார்க் புருனெல், ஆட்களைக் காக்கும் இரும்புச் சட்டத்தை முன்னே தள்ளிக்கொண்டே பின்னால் செங்கல் சுவர் கட்டும் முறைக்கு 1818-இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையில்தான் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். 1825-இல் வேலையைத் தொடங்கி, 1843-இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

சரி, இப்போது தொட்டிக்கு வருவோம்.

தொட்டியின் உட்சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, தேநீர்க் கோப்பையில் படியுமே, அதே மாதிரி. அது படிந்த காரணமும் தேநீர்க் கறையின் காரணமும் ஒன்றுதான், டானின். அந்தக் காலத்து வலை பருத்தி நூலால் ஆனது. பருத்தி என்பது செல்லுலோஸ். ஈரமாகக் கிடக்கும் செல்லுலோஸை நுண்ணுயிரிகள் விடுமா? சில வாரங்களில் வலை இற்றுப்போகும். அதைத் தடுக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் வலையை முக்கி எடுத்தார்கள். வள்ளத்தின் பலகை இடுக்குகளை அடைக்கவும் அதே காயின் பிசினைத்தான் பூசினார்கள். பனிச்சங்காய் அவ்வளவு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் டானின்.

பிஞ்சு வாழைக்காயையோ கொட்டைப்பாக்கையோ கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால் நாக்கு வழுவழுப்பை இழக்கிறது. நுண்ணுயிரிகளின் நொதிகளும் புரதம்தான். அவற்றையும் டானின் இப்படியே முடக்கிவிடும். அந்தக் காலத்தில் இந்த மூலையில் புளித்த, துவர்ப்பான ஒரு வாடை அடிக்குமாம். நான் முகர்ந்ததில்லை, அம்மா சொல்லக் கேட்டதுதான்.

அந்த வாடையை விரட்டியது நைலான். 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இழை அது. காலையில் நீங்கள் பல் துலக்கிய பிரஷ்ஷின் இழைகளும் பெரும்பாலும் நைலானாகத்தான் இருக்கும். 1960-களில் நம் கடற்கரைகளில் நைலான் வலை பரவியது. நுண்ணுயிரி தொடாது, இற்றுப்போகாது, சாயத் தொட்டியும் வேண்டாம். வலை முக்கும் வேலை நின்றது. தொட்டியில் கொஞ்ச நாள் கோழி அடைத்திருந்தார்களாம்.

நைலான் இற்றுப்போகாது என்பது கரையில் நல்ல செய்தி. கடலுக்குள்? பாறையில் சிக்கி அறுந்துபோன பருத்தி வலை கொஞ்ச நாளில் மக்கிவிடும். நைலான் வலை மக்காது. ஆள் இல்லாமலே வருஷக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பேய் வலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அழுகல் நமக்கு எதிரி என்று நினைத்துத் துரத்தினோம். துரத்திய பிறகுதான் அது பின்னாலிருந்து குப்பை அள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தப் பட்டறையில் இதே கதை திரும்பத் திரும்ப நடக்கும், பாருங்கள்.

1980-களில் காட்டு மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியது. குமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள முட்டம் அதில் முக்கியமான இடம். ஒட்டுப்பலகையில் மரத்தின் மெல்லிய ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியிருப்பார்கள். மரம் நார் ஓடும் திசையில் சுலபமாகப் பிளக்கும். குறுக்காக ஒட்டினால் எந்தத் திசையிலும் பிளக்காது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பிசின் பூசுவார்கள். பாட்டாவின் அப்பா இதைப் பார்த்துவிட்டு, “நம்ம தாத்தன்மார் தென்னங்கயித்துல தைச்சாங்க, நீங்க கம்பியில தைக்கீங்க, அவ்வளவுதானே” என்றாராம். தூணில் பச்சை பெயிண்ட் இந்தக் காலத்தது.

அதன் பிறகுதான் ஃபைபர் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான படகுகள் உடைந்தன. அவற்றுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். கரை நெடுக ஃபைபர் பட்டறைகள் முளைத்தன. நம் பட்டறையும் உளியை ஓரம் வைத்துவிட்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தது.

இப்போது மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள். இனிப்பும் காரமும் கலந்தது போல ஒரு வாசனை மண்டையில் ஏறுகிறதா? அது ஸ்டைரீன். ரெசின் என்று பட்டறையில் சொல்லும் பாலியெஸ்டர் பிசினில் அது கலந்திருக்கிறது. அதிகம் மூச்சில் போனால் தலை சுற்றும், உடம்புக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். நான் போன அன்று பாட்டாவின் பேரன் கவசத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தான். கழுத்தால் மூச்சு விடுகிறவன் போலிருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது? படகின் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும். அச்சின் உள்பக்கம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற வண்ணப் பூச்சு பூசுவார்கள். அது படகின் வெளித்தோல். அதன்மேல் கண்ணாடி இழையால் ஆன ‘மேட்’டை விரித்து, ரெசினை பிரஷ்ஷால் ஊட்டி, உருளையை உருட்டிக் காற்றுக்குமிழிகளை விரட்டுவார்கள். பிறகு இன்னொரு மேட், இன்னொரு ரெசின். மண் சுவரில் வைக்கோல் கலப்பார்களே, அதே தத்துவம். வெறும் ரெசின் கமர்கட் மாதிரி, தட்டினால் நொறுங்கும். கண்ணாடி இழை இழுத்தால் தாங்கும், ஆனால் தனியாக நிற்காது. இரண்டும் சேர்ந்தால் அலை அடித்தாலும் தாங்குகிறது.

ரெசின் காய்ந்துவிட்டதா என்று பேரனிடம் கேட்டேன். “காயல, செட் ஆகுது” என்றான். சரியாகத்தான் சொன்னான். துணி காய்கிறது என்றால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ரெசினில் நடப்பது அதுவல்ல. அதில் நீளநீளமான மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிகின்றன. கேட்டலிஸ்ட் என்று ஒரு திரவத்தைச் சில துளி விட்டதும், ஸ்டைரீன் மூலக்கூறுகள் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று எல்லாவற்றையும் கோத்துவிடுகின்றன. மொத்தப் படகும் ஒரே வலைப்பின்னலாகிவிடுகிறது. வெல்லப் பாகும் ஆறினால் இறுகும், ஆனால் மறுபடி சூடாக்கினால் இளகும். ரெசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது, கருகத்தான் செய்யும்.

கைகோக்கும்போது வெப்பம் வெளிவரும். ஒரு லிட்டர் ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் போதும். ஒருநாள் பேரன் அவசரத்தில் அளக்காமல் ஊற்றிவிட்டான். வாளியோடு எல்லாம் கொதித்துப் புகைந்து, பிளாஸ்டிக் வாளி கோணிக்கொண்டு, கடைசியில் பிரஷ் நட்டுக்குத்தலாக நின்றபடி உறைந்துவிட்டது. அந்த வாளி இன்னும் பட்டறையில் இருக்கிறது. பாட்டா அதைத் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். பாடப்புத்தகமாம்!

அவர் மட்டும் தப்பே செய்யாதவரா? ஃபைபர் மரம் போல மிதக்காது. ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் ஃபைபரின் எடை ஏறக்குறைய 1.5 கிலோ. படகின் உள்ளே காலி இடம் இருக்கும்வரை மிதக்கும். அலை புகுந்து நிரம்பினால் கீழே போய்விடும். அதனால் அணியத்திலும் அமரத்திலும், அதாவது முன்முனையிலும் பின்முனையிலும், இலேசான பொருளை அடைத்து மூடிவிடுவார்கள். ஃபைபர் வேலை தொடங்கிய புதிதில் பாட்டா தெர்மாகோல் கட்டிகளை வைத்து, அதன்மேல் நேராக ரெசினைப் பூசியிருக்கிறார். பூசப் பூச மேல்பரப்பு குழிந்துகொண்டே போனதாம். மழையில் நனைந்த உப்புக்கட்டி போல! தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், அதாவது ஸ்டைரீனைக் கோத்துச் செய்த நுரை. ரெசினில் இருப்பதோ ஸ்டைரீன் திரவம். சொந்தக்காரரைக் கண்டதும் தெர்மாகோல் கரைந்துவிட்டது. பிறகு தெர்மாகோலை பாலித்தீன் தாளில் சுற்றி வைக்கக் கற்றுக்கொண்டார்.

இதை வீட்டில் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பங்கரைப் பக்கமே போகாதீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைக் கொஞ்சம் ஊற்றி, தெர்மாகோல் துண்டைப் போடுங்கள். புஸ்ஸென்று அமுங்கிப் பிசுக்காகிவிடும். கைப்பிடியளவு தெர்மாகோல் புளியங்கொட்டையளவு ஆகிவிடுகிறதே, மீதி எங்கே போனது? மீதி எல்லாம் வெறும் காற்று.

தொட்டிக்கு இப்போது என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கோழிகள் போய் எஞ்சின்கள் வந்துவிட்டன. படகின் பின்னால் மாட்டும் எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது, குளிர்விக்க நீர் இல்லாமல் சூடேறிப் பழுதாகிவிடும். அதனால் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை விளிம்பில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே தங்கிய உப்பும் கழுவிப் போகும். தண்ணீர்மேல் படரும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறங்கள் நெளியும். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களைக் கூட்டுகிறது, சிலவற்றைக் குறைக்கிறது. பனிச்சங்காய்க் கறையின்மேல் பெட்ரோல் வானவில்!

அன்று மாட்டியிருந்த எஞ்சினின் அடிப்பாகத்தில் எலி கடித்த வெல்லம் போல ஓர் உலோகக் கட்டி இருந்தது. அது துத்தநாகம். பட்டறையில் ‘ஜிங்க்’ என்பார்கள். வெவ்வேறு உலோகங்களைச் சேர்த்து உப்புநீரில் வைத்தால் சிறு மின்கலம் போல மின்சாரம் ஓடி, ஒன்று அரிபடத் தொடங்கும். துத்தநாகத்தைப் பக்கத்தில் வைத்தால் அது முந்திக்கொண்டு தான் அரிபட்டு, எஞ்சினின் அலுமினியத்தைக் காப்பாற்றும். கட்டி கரையக் கரைய மாற்ற வேண்டும்.

இந்தத் தந்திரத்தைக் கப்பல்களில் முதலில் சோதித்தவர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் நடந்தது. நம் பழைய எதிரி கப்பல் புழுவுக்குப் பயந்து பிரிட்டிஷ் கடற்படை மரக் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்திருந்தது. செம்பு கடல்நீரில் அரிபட்டது. டேவி இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் செம்போடு சேர்த்துவைத்தார். அரிப்பு நின்றது, அறிவியல் ஜெயித்தது. ஆனால் கப்பல்கள் மெதுவாகிவிட்டன! கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் செம்புதான் பாசியையும் கொட்டலசுகளையும் விஷம் வைத்துத் துரத்திக்கொண்டிருந்தது. கரைவது நின்றதும் அவை கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டன. கடற்படை அந்தத் திட்டத்தையே கைவிட்டது. டேவிக்குப் பெரிய ஏமாற்றம். நைலான் வலையின் கதை ஞாபகம் வருகிறதா?

ஃபைபரிலும் அந்தக் கதை இருக்கிறது. கப்பல் புழு தின்னாது, அழுகாது, துருப்பிடிக்காது. உடைந்த பிறகும் அப்படியேதான் கிடக்கும். மர வள்ளம் பழசானால் அடுப்புக்கு விறகு, வீட்டுக்கு உத்தரம். உடைந்த ஃபைபரை எரித்தால் கரும்புகை, உருக்கினால் உருகாது, புதைத்தால் மக்காது. பட்டறைக்குப் பின்னால் நாலைந்து ஓடுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்றுக்குள் ஆடு. இன்னொன்றை நிமிர்த்தி மழைநீர் பிடித்திருக்கிறார்கள். கொசு வளர்ப்பும் நடக்கிறது.

நான் போனது ஜூன் மாதம், மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலம். ஜூன் 1 தொடங்கி 61 நாள். ஆனி ஆடிக் கடலும் சீறிக்கொண்டிருந்தது. பட்டறையில் இதுதான் மும்முரமான பருவம். ஒருபக்கம் ரெசின், ஒருபக்கம் எஞ்சின், வாசலில் வலைக்குப் பொத்தல் அடைக்கும் இருவர். அவர்கள் உட்கார்ந்திருந்தது பழைய கட்டுமரத்தின் நடுமரத்தில்.

கிளம்பும்போது பாட்டாவிடம் கேட்டேன், “இத்தனை வாசனையில உங்களுக்குப் பிடிச்சது எது பாட்டா?”

“வாசனையா? எனக்கு ஒண்ணும் தெரியலியே மக்கா” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பூக்கடைக்காரருக்குப் பூ மணக்காததும் இதனால்தான். ஆனால் வெளியே இருக்கும் மூக்கை ஏமாற்ற முடியாது. சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பாட்டி கொடியில் போடுவதற்காக அவருடைய சட்டையை வாங்கி, லேசாக முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னைக்குக் காலையில ஃபைபரு, மத்தியானம் எஞ்சினு. நடுவுல யாருக்கோ மரத்துல ஏதோ செதுக்கிக் குடுத்திருக்கீய. யாருக்கு?”

பேரனுக்குக் கிரிக்கெட் மட்டைதான். பாட்டா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.